பதினோராவது இடம்

1

உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, அதன் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று ஒரு ரப்பர் பட்டி கதவைச் சுற்றி ஓடும். அதற்குள் காந்தம் ஒளிந்திருக்கும். கதவு தானாகப் போய் ஒட்டிக்கொள்வது அதனால்தான். அந்தப் பட்டியை அளந்து வெட்டி, நான்கு மூலைகளையும் சூடாக்கி ஒட்டி அனுப்பும் ஒரு ஜேர்மன் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறேன். இலங்கையில் எங்கள் ஊரான பேசாலையில் யாராவது வீட்டில் ஜேர்மன் பெட்டி இருந்து, அதன் மூலைகள் நேராக இருந்தால் அது நான் ஒட்டியது. கோணலாக இருந்தால் தனுத்தா ஒட்டியது.

இதை அவள் வாசிக்க மாட்டாள் என்ற துணிவில்தான் எழுதுகிறேன். தனுத்தா போலந்துக்காரி. பதினெட்டு வருடமாக எனக்கு அடுத்த இயந்திரத்தில் நிற்பவள். கோணல் மூலையெல்லாம் என்னுடையது என்று அவளும் தன் ஊரில் சொல்லிக்கொண்டுதான் திரிவாள்.

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் பங்கு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அங்குள்ள ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். "அக்கா, சோகமா வேண்டாம். சோகம் ஏற்கெனவே மூண்டு பேர் எழுதித் தந்திட்டினம்" என்றார். நல்லதாகப் போயிற்று. தொழிற்சாலை மூடப்பட்ட கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. திங்கட்கிழமை வந்தது பொன்னிற விளிம்பு வைத்த பாராட்டுப் பத்திரம். இருபத்தைந்து வருடச் சேவைக்கு நன்றி, இன்னும் பல வருடங்கள் சேர்ந்து பயணிப்போம் என்று இருந்தது. வியாழக்கிழமை வந்தது சாதாரணக் கடிதம். வருட முடிவில் தொழிற்சாலை மூடப்படும், உற்பத்தி வேறு நாட்டுக்குப் போகிறது என்று இருந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து. என் கணவர் சவிரி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாவம் மனுசன். திங்களுக்கும் வியாழனுக்கும் இடையில ஆருக்கோ யோசனை மாறிப்போச்சு" என்றார்.

நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

2

இங்கிருக்கும் எங்கள் சின்ன நகரத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் வந்த புதிதில் ஆற்றங்கரையில் ஐந்து புகைபோக்கிகள் நின்றன. எனாமல் பானை செய்த இடம் இப்போது முதியோர் இல்லம். நூல் ஆலை உடற்பயிற்சி நிலையமாகிவிட்டது. முன்பு சம்பளம் வாங்கிக்கொண்டு வியர்த்த இடத்தில் இப்போது சந்தா கட்டி வியர்க்கிறார்கள். திருகாணி செய்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஒன்று மூடும்போது அடுத்ததுக்குப் போனார்கள், அதுவும் மூட அடுத்ததுக்கு. கடைசியாக மிஞ்சியது எங்களுடையதுதான். அதிகாலை வேலை முறைக்காரருக்காக ஐந்து மணிக்கே திறந்த பாண் கடை இப்போது எட்டு மணிக்குத் திறக்கிறது. கடைக்காரி நன்றாக நித்திரை கொள்வதாகச் சொல்கிறாள், முகம் அப்படிச் சொல்லவில்லை.

முழுவதும் மூடவில்லை என்பதுதான் இந்தக் கதை. பழைய பெட்டிகளுக்கு மாற்றுப் பட்டி செய்து கொடுக்க ஒரு சின்னப் பிரிவு இன்னும் சில வருடங்கள் ஓடும். எங்கள் பிரிவில் இருபத்திரண்டு பேர். இருக்கப்போகும் இடங்கள் பதினொன்று.

யார் இருப்பது, யார் போவது என்பதற்கு இந்த நாட்டில் புள்ளிக் கணக்கு உண்டு. வயதுக்குப் புள்ளி, சேவைக்காலத்துக்குப் புள்ளி, பராமரிக்க வேண்டிய பிள்ளைகளுக்குப் புள்ளி. என் மகள் ஷெரின் படித்து முடித்து, வடக்கே ஒரு பெரிய நகரத்தில் வேலை செய்கிறாள். ஆகவே அவளால் எனக்கு ஒரு புள்ளியும் இல்லை. "கொஞ்சம் மெதுவாப் படிச்சிருக்கலாம் நீ" என்று தொலைபேசியில் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐம்பத்தாறு வயதில் அந்தப் பதினொன்றில் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், மிகவும் வேண்டியிருந்தது. இந்த வயதில், நான் பேசும் ஜேர்மனுக்கு, வேறு எங்கும் கதவு திறக்காது. தனுத்தாவுக்கும் அதே நிலைதான்.

இங்கே ஒரு விளக்கம். இனி வரப்போகிற ஆட்கள் எல்லோரும் பேசியது ஜேர்மன் மொழி. ஆனால் எனக்கு எல்லாமே பேசாலைத் தமிழில்தான் கேட்கிறது. கேட்டபடியே எழுதுகிறேன்.

3

செய்தி சொன்ன நாளில் எங்கள் பிரிவின் பொறுப்பாளர் க்ராமர் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் காகிதக் கோப்பையோடு தனியாக நின்றார். அவரும் முப்பது வருடம் தாண்டியவர். புதிய பிரிவில் பொறுப்பாளருக்கு இடமே இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் கிட்டப் போகவில்லை. மற்றவர்களுக்கு அவர் கம்பனியின் ஆள். எனக்கு அவர் வள்ளம் உடைந்த மனிதராகத் தெரிந்தார்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, சோளகக் காற்றில் அப்பாவின் வள்ளம் மணல் திட்டில் ஏறி இரண்டாகப் போனது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. இன்னொரு வள்ளத்தில் நனைந்துபோய் வந்து சேர்ந்தார்கள். அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்குச் சட்டி சட்டியாகச் சாப்பாடு வந்தது. தொழில் போன வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின், வழக்கம். செத்தவீட்டுக்குக் கொடுப்பது போலத்தான், ஆனால் இங்கே சிரித்துக்கொண்டே சாப்பிடலாம். முதலில் வந்தது, நாலைந்து வள்ளம் வைத்திருந்த மரியான் சம்மாட்டியார் வீட்டு நண்டுக்கறி. வலை அறுந்த பிரச்சினையில் அவருக்கும் அப்பாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவருடைய மனைவி சட்டியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "சுடச்சுடச் சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொல்லிப் போனார். அப்பா சாப்பிட்டார். "உப்புக் கூடிப்போச்சு" என்றார். பிறகு விரலை நக்கினார்.

பிள்ளைகளான எங்களுக்கு அந்த மூன்று நாளும் பெருநாள். நான்காம் நாள் வெறும் பாணும் சம்பலும் வைத்தபோது, "அப்பா, அடுத்த வள்ளம் எப்ப உடையும்?" என்று கேட்டு ஒரு குட்டு வாங்கினேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நண்டுக்கறி சமைத்தேன். தமிழ்க் கடையில் உறைய வைத்த இலங்கை நண்டு கிடைக்கும். ஏழு பெரிய நண்டு, முருங்கையிலை போட்டு, சோறும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். சவிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கென்ன விசரோ? சொல்லாமக் கொள்ளாம ஜேர்மன்காரன் வீட்டுக்குப் போகப்போறியோ?"

"வள்ளம் உடைஞ்ச வீட்டுக்கு ஆரும் சொல்லிப்போட்டுப் போறவையே? காரை எடுங்கோ."

க்ராமர் அரைக் காற்சட்டையோடு கதவைத் திறந்தார். என்னையும் துவாயால் சுற்றிய சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என்ன?"

"சாப்பாடு."

"ஏன்?"

"தொழில் போச்செல்லோ."

அவருக்கு விளங்கவில்லை என்பது தெரிந்தது. பின்னால் வந்த அவருடைய மனைவி ஒன்றும் கேட்காமல் சட்டியை வாங்கிக்கொண்டார். எதிர்வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் பொதியிடும் பகுதி ஆள் ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். நான் அவருக்கும் கையை ஆட்டிவிட்டுச் சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன்.

4

திங்கட்கிழமை காலை புள்ளிப் பட்டியல் அறிவித்தல் பலகையில் தொங்கியது. முதல் பத்துப் பேரும் தெளிவாக இருந்தார்கள். பதினோராவது இடத்துக்கு இரண்டு பெயர்கள், தனுத்தாவுடையதும் என்னுடையதும், இரண்டுக்கும் ஒரே புள்ளி. அவள் வயதில் மூத்தவள், நான் சேவையில் மூத்தவள், கூட்டிப் பார்த்தால் சரிசமன். கீழே சின்ன எழுத்தில், சமமான புள்ளி வந்தால் பிரிவுப் பொறுப்பாளர் தெரிவு செய்வார் என்று இருந்தது.

தனுத்தா பட்டியலை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். புல் வெட்டிய ஆள் என்னை முந்திவிட்டார் என்பது அந்தப் பார்வையில் விளங்கியது.

"நேற்று க்ராமர் வீட்டுக்கு என்ன கொண்டு போனனீ?"

"நண்டு."

"எத்தினை?"

"ஏழு."

எங்கள் இடத்தில் இரைச்சலுக்காகக் காதடைப்பான் போட வேண்டும். பதினெட்டு வருடமாகத் தனுத்தா அதை ஒரு காதில்தான் போடுவாள். என் பக்கத்துக் காது எப்போதும் திறந்திருக்கும், நாங்கள் கதைக்க வேண்டும் அல்லவா. அன்று இரண்டு காதையும் மூடிக்கொண்டாள்.

மத்தியானம் தொழிலாளர் பேரவையின் யூர்கன் என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் படிவம் வைத்திருப்பவர். மேலதிகாரிக்குப் பரிசு கொடுத்தால் நிரப்பும் படிவத்தை முன்னால் வைத்தார். சந்தர்ப்பம் எது என்று கேட்டிருந்தது. பிறந்தநாள், நத்தார்ப் பெருநாள், சேவை விழா, வேறு. நான் 'வேறு' என்பதில் கோடு போட்டேன். விளக்கத்துக்கு ஒரேயொரு வரி இடம் இருந்தது. 'வள்ளம் உடைந்தது' என்று எழுதினேன்.

யூர்கன் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வள்ளம்?"

"உண்மையான வள்ளம் இல்லை."

"அப்ப ஏன் எழுதினனீங்கள்?"

விளங்கப்படுத்த முயன்றேன். எனக்குப் பதற்றம் வந்தால் ஜேர்மன் மொழி முதலில் கையை விட்டுப் போகும். இந்த விடயம் தீரும்வரை என் பெயர் பட்டியலில் கேள்விக்குறியோடு இருக்கும், புதன்கிழமை கூட்டத்தில் பேசித் தீர்ப்போம் என்றார் யூர்கன். உள்ளதைச் சொன்னால், கேள்விக்குறியை விட அந்த மூடிய காதுதான் என்னை வாட்டியது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஷெரின் தொலைபேசி எடுத்தாள். தகப்பன் சொல்லிவிட்டார்.

"அம்மா, என்ன வேலை பாத்தனீங்கள்? இஞ்ச அதை லஞ்சம் எண்டுதான் நினைப்பினம்!"

"ஏழு நண்டுக்கு ஆரடி வேலை குடுப்பான்?"

அரை மணித்தியாலத்தில் நல்ல ஜேர்மன் மொழியில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினாள். நடந்ததற்கு ஆழ்ந்து வருந்துகிறேன், என் பண்பாட்டுப் பின்னணியால் நேர்ந்த தவறு என்று தொடங்கியது. வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம் ஏறியது. நான் எதற்கு வருந்த வேண்டும்?

மனம் கேட்காமல் தம்பி அந்தோனிக்கு எடுத்தேன். அவன் பேசாலையில் மனைவி, மகள் ஜெசியோடு இருக்கிறான். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"இஞ்சயும் நண்டுக் கொம்பனி பூட்டியாச்சு அக்கா. எங்கட ஜெசியும் அதிலதானே நண்டு உடைச்சவள். இப்ப வீட்டில தைக்கிறாள். அண்டைக்கு ஒழுங்கைச் சனம் எல்லாம் சாப்பாடு கொண்டு வந்ததுகள். நாங்கள் மூண்டு நாள் அடுப்பே மூட்டேல்லை."

"மனேச்சருக்கும் குடுத்ததோ?"

"ஓம் பின்ன. அந்தாள் குருநாகல் ஆள், இஞ்ச தனிய அறை எடுத்து இருந்தவர். அவருக்குத்தான் முதல்."

எனக்கு உயிர் வந்தது. உடனே ஷெரினுக்கு எடுத்து அப்பாவின் வள்ளத்தைச் சொன்னேன், மரியான் சம்மாட்டியாரைச் சொன்னேன், குட்டு வாங்கியதையும் சொன்னேன்.

"இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லையே அம்மா" என்றாள்.

அவள் சொன்னது சரி. செபம் சொல்லிக் கொடுத்தேன், தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனேன், பரீட்சைக்கு எழுப்பினேன். இதைச் சொல்ல நேரம் வரவில்லை. பிள்ளைகள் எங்களை விட்டுத் தூரப் போகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் முறைப்பட்டுக்கொள்கிறோம். வழிக்கு நாங்கள் என்ன கட்டிக் கொடுத்தோம் என்று யோசிப்பதில்லை.

"அந்தக் கடுதாசியைக் கிழியுங்கோ" என்றாள் ஷெரின். "எனக்குச் சொன்ன மாதிரியே அவைக்கும் சொல்லுங்கோ. பிழை விட்டாப் பரவாயில்லை."

5

புதன்கிழமை சாப்பாட்டு மண்டபத்தில் இருபத்திரண்டு பேரும் இருந்தோம். முன்னால் யூர்கனும் க்ராமரும். தனுத்தா மூன்று மேசை தள்ளி, எனக்கு முதுகு காட்டி இருந்தாள்.

நான் எழுந்தேன். ஜேர்மன் மொழியில் எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதில் எனக்கு இருபத்தைந்து வருடத் தகராறு உண்டு. அன்று அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எங்கள் ஊர் கடற்கரை, அப்பா ஒரு மீனவர் என்று தொடங்கினேன். வள்ளம் உடைந்ததையும், இரண்டு வருடம் பேசாத வீட்டிலிருந்து முதல் சட்டி வந்ததையும் சொன்னேன். தொழில் போன வீட்டில் அன்றைக்குச் சமைக்க வைக்கக் கூடாது, அது எங்களுக்கு வெட்கம் என்றேன். அடுத்த வள்ளம் எப்போது உடையும் என்று கேட்ட இடத்தில் பின்னாலிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

"க்ராமருக்கும் வேலை போனது. அதனால் கொண்டு போனேன். பட்டியலை நான் அப்போது பார்க்கவில்லை. நண்டுக்காக எனக்கு இடம் தந்தால் அந்த இடம் எனக்கு வேண்டாம்" என்று முடித்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

க்ராமர் எழுந்தார்.

"நானும் மனிசியும் நண்டை எப்பிடி உடைக்கிறது எண்டு தெரியாமல் குறடு எடுத்து உடைச்சுச் சாப்பிட்டனாங்கள்" என்றார். "ரெண்டு மணித்தியாலம் போச்சு. மேசைச் சீலையைக் கழுவ ஏலாது, எறிஞ்சாச்சு. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு எங்கட வீட்டுக்கு வந்த ஒரே ஆள் இவதான். சாப்பாடு நல்லா இருந்தது. உறைப்பு." பட்டியலை யூர்கன் பக்கம் தள்ளிவிட்டார். "இந்த ரெண்டு பேரில ஒராளைத் தெரிவு செய்ய என்னால ஏலாது. வேற ஆரையாவது கேளுங்கோ."

யூர்கன் காகிதங்களைப் புரட்டினார். பொறுப்பாளர் தெரிவு செய்ய மறுத்தால் என்ன செய்வது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அப்போதுதான் தனுத்தா எழுந்தாள். கதிரை பின்னால் விழுந்தது. யூர்கனை அவள் பார்க்கவில்லை, நேரே என்னைப் பார்த்தாள்.

"எனக்கும்தானே தொழில் போச்சு! பதினெட்டு வருசம் பக்கத்தில நிக்கிறன். எனக்கேன் ஒண்டும் கொண்டு வரேல்லை?"

மூன்று நாளாக அவள் கோபம் லஞ்சத்தைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டை விட்டுவிட்டு ஊர்க் கோடிக்குச் சாப்பாடு கொண்டு போனவள் நான். எங்கள் ஒழுங்கையில் இதைச் செய்திருந்தால் ஒரு வருடத்துக்குக் கதைத்திருப்பார்கள்.

"எனக்கும்தானே போச்சு" என்று திக்கித் திக்கிச் சொன்னேன். "நீயும் நானும் ஒரே வள்ளத்தில. உடைஞ்ச வள்ளத்துக்காரி உடைஞ்ச வள்ளத்துக்காரிக்கு எப்பிடிச் சமைக்கிறது?"

தனுத்தா விழுந்த கதிரையை நிமிர்த்தினாள்.

"அப்ப நான் உனக்குச் சமைச்சிருக்கோணும்" என்றாள். "ஆனா என்ரை சமையலைச் சாப்பிட்டா உனக்கு வேலையே தேவைப்பட்டிருக்காது."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்க முன்பே அவள் யூர்கன் பக்கம் திரும்பினாள்.

"இடம் ஒண்டு, ஆள் ரெண்டு. பாதி எனக்கு, பாதி அவளுக்கு. அதுக்கும் ஒரு படிவம் வைச்சிருப்பீங்கள்தானே, கொண்டாங்கோ."

6

படிவம் இருந்தது. ஒன்பது பக்கம், ஆளுக்கு இரண்டு பிரதி. வேலைவாய்ப்புக் கந்தோருக்கு இரண்டு தடவை போனோம். ஒரே இடத்தில் இரண்டு பேர் வேலை செய்வதை அவர்களுடைய கணினி ஏற்க மறுத்தது. மூன்றாவது தடவை யூர்கனே கூட வந்து, கணினிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்துவிட்டார். அதற்குப் பிறகு ஏற்றுக்கொண்டது. எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு சோடிகள் இடத்தைப் பங்கு போட்டார்கள். பதினோரு இடத்தில் இப்போது பதினான்கு பேர் நிற்கிறோம். எட்டுப் பேர் போய்விட்டார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர்களில் சிலர் இன்னும் வேலை தேடுகிறார்கள்.

பாதி வேலை என்றால் பாதிச் சம்பளம். மிச்ச நாளில் பக்கத்துப் பாடசாலைச் சமையலறையில் உதவிக்குப் போகிறேன். அங்கே உறைப்புப் போட விடுகிறார்கள் இல்லை. ஷெரின் மாதத்தில் ஒரு தடவை வருகிறாள். போன தடவை வந்தபோது, தன் கந்தோரில் வேலை போன ஒரு பிள்ளைக்குக் கத்தரிக்காய்ப் பாற்கறி சமைத்துக்கொண்டு போனதாகச் சொன்னாள். பால் திரைந்துவிட்டதாம். அதற்கென்ன, சட்டி போய்ச் சேர்ந்ததே என்றேன்.

திங்கள், செவ்வாய், புதன் மத்தியானம் வரை என் முறை. அதிலிருந்து வெள்ளி வரை தனுத்தாவின் முறை. புதன் பன்னிரண்டு மணிக்கு அவள் வருவாள். இயந்திரத்தைக் கைமாற்ற, சூடு எவ்வளவு, எத்தனை பட்டி மிச்சம் என்று சொல்ல, படிவத்தில் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். உண்மையில் இரண்டு நிமிடம் போதும். பிறகு அவள் காதடைப்பானை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்வாள்.

நான் வீட்டுக்குப் போவது இரண்டு மணிக்கு.